என் மூலமாகச் சம்மதம்

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊர் முழுக்க மேலும் கீழும் போய்வருகிற பெட்டிகளைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் நானே ஒரு பெட்டி. மாடியில் என் அக்கா, கீழே என் மனைவி, நடுவில் படிக்கட்டு, படிக்கட்டில் நான். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. எதுவானாலும் என் மூலமாகத்தான்.

பேசுவதில்லை என்றால் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவார்கள் என்று நினைக்க வேண்டாம். அதெல்லாம் சாதாரண வீடுகளில் நடப்பது. எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவோம். அக்கா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "டேய், உப்பு கம்மியா இருக்குன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்பாள். அந்த 'உன் பொண்டாட்டி' அவளுக்கு எதிரேயே கரண்டியோடு நின்றுகொண்டிருப்பாள். நான் திரும்பி, "உப்பு கம்மியாம்" என்பேன். அதன்பிறகுதான் அது அவள் காதில் விழும். "உப்பு டப்பா பக்கத்துலதான் இருக்கு, உங்க அக்காவுக்குக் கையும் இருக்குன்னு சொல்லுங்க" என்பாள். நான் மறுபடி திரும்பி, "டப்பா பக்கத்துல இருக்காம்" என்பேன். கையைப் பற்றிய பகுதியை நானாகவே விழுங்கிவிடுவேன். இப்படி விழுங்கி விழுங்கித்தான் எனக்குத் தொப்பை போட்டது.

ஒருநாள் காலையில் மேல் தொட்டி நிரம்பித் தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. அக்கா மாடிப்படியில் நின்று பார்த்தாள், என் மனைவி கீழ்ப்படியில் நின்று பார்த்தாள். மோட்டார் சுவிட்ச் என் மனைவியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அதை அணைக்கச் சொல்லி அக்காவால் அவளிடம் எப்படிச் சொல்ல முடியும்? என் வாயில் பல்தேய்க்கும் பிரஷ் இருந்தது. நான் வாய் கொப்பளித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். வரவேற்பறைக் கம்பளம் மட்டும் காத்திருக்கவில்லை.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் இருவரும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்காவுக்கு, நான் கட்டிக்கொண்டு வந்தவள் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. காரணம், பொது அறிவு. தினமும் சாயங்காலம் டிவியில் 'குடும்பக் கேள்வி' நிகழ்ச்சி தொடங்கினால் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து போட்டியாளர்களுக்கு முன்னால் பதில் சொல்லி, கையோடு கை தட்டி, சரியாகச் சொல்லாத ஆளைத் திட்டித் தீர்ப்பார்கள். அந்தச் சோபாவில் எனக்கு இடம் கிடையாது. டீ கொண்டுவரும்போது மட்டும் என்னைத் தெரியும்.

பிரிவு வந்ததும் பொது அறிவால்தான். அக்கா டெலிபோன் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறாள். ஊரார் திட்டுவதைக் கேட்டுவிட்டு, "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்வது அவள் வேலை. ஒருநாள் அலுவலகத்து ஆட்களையும் மேனேஜரையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். பேச்சு எங்கெங்கோ போய், சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து பார்த்தாலும் வெறும் கண்ணுக்குத் தெரியும் என்று அக்கா பெருமையாக எடுத்துவிட்டாள். மேனேஜரும் ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தார். தட்டோடு வந்த என் மனைவி, சோபாப் பழக்கத்தில், "ஐயோ, இல்ல அண்ணி, தெரியாது. அது சும்மா கதை" என்றாள். அவ்வளவுதான். எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் எல்லாரையும்விட அதிக நேரம் சிரித்தார். மறுநாளிலிருந்து அலுவலகத்தில் அக்காவுக்கு 'நிலா' என்று பெயர். "நிலா மேடம், எங்க வீட்டு ஒயர் அங்கேர்ந்து தெரியுதா?" என்று கேட்காத ஆள் இல்லை.

அக்கா அன்றைக்கே மாடிக்குத் தனி டிவி வாங்கிவிட்டாள். அதன்பிறகு அதே நிகழ்ச்சி, அதே நேரம், இரண்டு தளம். கூரையிலிருந்து, "வௌவால்!" என்று ஒரு குரல் வரும். கீழே என் மனைவி அதற்கு அரை நொடி முன்னால், "வௌவால்" என்று மாடிக்கே கேட்கும்படி சொல்லியிருப்பாள். என் மனைவியின் பதில் தப்பாகிவிட்டால் மேலே தரையை ஒரு மிதி மிதிக்கும் சத்தம் கேட்கும். அக்கா தப்பாகச் சொன்னாலோ, என் மனைவி கூரையை ஒருதரம் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்வாள். என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

இந்த வேடிக்கையை நான் இன்னும் இருபது வருஷம்கூடப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் போன மாதம் அக்கா ஒரு குண்டைப் போட்டாள். கடற்கரையோரம் தூரத்து ஊர் ஒன்றில் கம்பெனி புதுக் கிளை திறக்கிறது. இவளே போய் மாற்றல் கேட்டு, அதுவும் கிடைத்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் சரி என்று சொல்லிவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். "நிலான்னு கூப்பிட அங்க யாரும் இருக்கமாட்டாங்கடா" என்றாள். செய்தியைக் கீழே கொண்டுபோனேன். என் மனைவி தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தை மறுபடி முதலிலிருந்து தேய்த்தாள். "போகட்டும்னு சொல்லுங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள்.

என் அக்கா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்த இரண்டு பெண்களும் ஒரே ஒருதரம் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டால் போதும், மற்றது தன்னால் நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு இருந்த ஒரே வழி 'குடும்பக் கேள்வி'தான். அதில் கலந்துகொள்ள ஒரே வீட்டில் மூன்று பேர் வேண்டும். ஒருத்தர் சொன்ன பதிலுக்கு இன்னொருத்தரிடம், "சம்மதமா?" என்று கேட்டு, "சம்மதம்" என்று வாங்கினால்தான் பதில் செல்லும். நான் விண்ணப்பம் போட்டேன். கூப்பிட்டுவிட்டார்கள்.

"உன் பொண்டாட்டி வர்றாளான்னு கேளு" என்றாள் அக்கா. அந்த மேடையில் நிற்க அவள் எத்தனை வருஷமாக ஏங்கினாள் என்று எனக்குத்தான் தெரியும்.

"உங்க அக்கா போறாங்களான்னு கேளுங்க" என்றாள் மனைவி. அவள் ஏற்கெனவே புடவையை எடுத்துக் கட்டில்மேல் வைத்திருந்தாள்.

நான் இரண்டு தரம் ஏறி இறங்கினேன். காரியம் முடிந்தது.

ஸ்டுடியோ என்றால் ஏதோ சொர்க்கலோகம் என்று நினைத்திருந்தேன். வெளியே பார்க்கத் தகரக் கொட்டகை. உள்ளே ஒயர்களைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டும். ஆனால் விளக்கைப் போட்டதும் எங்கள் மூன்று பேருக்கும் வாய் பிளந்துவிட்டது. மேஜை தங்கமாக மின்னியது, தரையில் எங்கள் முகம் தெரிந்தது. மேக்கப் போடும் பெண் என் வழுக்கையில் பவுடர் அடித்து, "சார், இதுதான் ரொம்ப மின்னுது" என்றாள். அக்கா சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். ஒரே விஷயத்துக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்ததைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்தது. வழுக்கையாக இருந்தது வீண்போகவில்லை.

எங்களுக்கு எதிராக ஒரு பல் டாக்டரும் அவருடைய இரட்டைப் பெண்களும். அந்தப் பெண்கள் கையைக் கோர்த்துக்கொண்டு, "சம்மதமா அப்பா?" "சம்மதம் கண்ணுங்களா!" என்று பாட்டு மாதிரி பாடினார்கள். பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ஜிகினா கோட்டு போட்ட தொகுப்பாளர் எங்களை அறிமுகப்படுத்தினார். "இவர் லிஃப்ட் மெக்கானிக்! இவங்க அவரோட அக்கா, டெலிபோன் கம்பெனி! இவங்க அவரோட மனைவி, கண்ணாடிக் கடை வச்சிருக்காங்க, கண் டெஸ்ட்டும் பண்றாங்க!" அரங்கத்தில் பெரிய கைதட்டல். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இடப்பக்கம் மனைவி, வலப்பக்கம் அக்கா. பழக்கப்பட்ட இடம்தான்.

முதல் சுற்று கலந்து பேசும் சுற்று. எங்களை அடிக்க ஆள் இல்லை. கேள்வி வந்ததும் மனைவி என் இடக்காதில், "தேனீன்னு சொல்லுங்க" என்பாள். நான் வலப்பக்கம் திரும்பி, "தேனீயாம், சம்மதமா?" என்பேன். அக்கா, "சம்மதம்னு சொல்லு" என்பாள். நான் தொகுப்பாளரிடம், "சம்மதம்" என்பேன். வீட்டு வேகத்தில் போனது. கழுத்து மட்டும் மின்விசிறி மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று திரும்பிக்கொண்டே இருந்தது. தொகுப்பாளர் உருகிப்போனார். "பாருங்க! எதுன்னாலும் தம்பிகிட்ட, எதுன்னாலும் புருஷன்கிட்ட! என்ன ஒரு ஒத்துமை!" பார்வையாளர்களில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது தனிச்சுற்று. ஒவ்வொருவரும் தனியாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் மேடையோரம் இருக்கிற கண்ணாடி அறைக்குள் போய்விட வேண்டும். அங்கிருந்து பார்க்கலாம், கேட்கலாம், ஆனால் நாம் கத்தினாலும் வெளியே கேட்காது. அக்கா சரியாகச் சொன்னாள். மனைவியும் சரியாகச் சொன்னாள். என் முறை.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

நான் யோசித்தேன். கேள்வியில் ஏதோ சூது இருக்கிறது, நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று பட்டது. என்னிடமா உங்கள் வித்தை என்று நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒண்ணு" என்றேன்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மூன்று என்றார்கள். அந்த ஜந்துவுக்கு மூன்று இதயம் எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என்னைக் கண்ணாடி அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடையில் என் மனைவி, என் அக்கா, இருவருக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி.

மூன்றாவது சுற்றில் முதல் கேள்வி என் மனைவிக்கு. "கடல்குதிரையில் குட்டிகளை வயிற்றில் சுமப்பது ஆணா, பெண்ணா?"

"ஆண்" என்றாள் பட்டென்று. பிறகு விதிப்படி, "சம்மதமா?" என்று கேட்க வேண்டும். கேட்டாள். காலி நாற்காலியைப் பார்த்து, "ஆண்னு சொல்றேன், சம்மதமான்னு கேளுங்க" என்றாள்.

அக்காவும் காலி நாற்காலியைப் பார்த்தாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சம்மதம்னு சொல்லுடா" என்றாள்.

பிறகு இரண்டு பேரும் நாற்காலி சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

அரங்கத்தில் எங்கோ பின்வரிசையில் ஒருத்தர் கெக்கெக்கே என்று தொடங்க, கொட்டகையே அதிர்ந்தது. தொகுப்பாளர் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். "இங்க யாரும்மா இருக்காங்க?" என்றார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி நிலைமையைப் புரிந்துகொண்டு, அடுத்த வழியைப் பிடித்தாள். "சார், நீங்களே அவங்ககிட்ட கேளுங்க, சம்மதமான்னு."

பாவம், அவர் கேட்டார். "அம்மா, அவங்க உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கறாங்க."

"சம்மதம்னு அவகிட்ட சொல்லுங்க சார். அவ்வளவு நேரம் இழுக்க வேண்டாம்னும் சொல்லுங்க."

"சம்மதமாம். அவ்வளவு நேரம்..." என்று சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்திக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். அந்த முகத்தை நான் நன்றாக அறிவேன். தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற முகம். கண்ணாடி அறைக்குள் நான் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்தில் முதன்முதலாக என் வேலையை வேறு ஒருவன் பார்க்கிறான், அதுவும் ஜிகினா கோட்டு போட்டுக்கொண்டு!

மேலே ஒலிபெருக்கியிலிருந்து நடுவர் அம்மாவின் குரல் வந்தது. "ஆள் வச்சுக் கேக்கறது செல்லாது. முகத்தைப் பார்த்து, நேரா கேக்கணும். இல்லேன்னா அந்த அணி வெளியே."

சிரிப்பு நின்றது. எனக்கும் நின்றுவிட்டது. எழுந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டேன்.

என் மனைவி மெல்லத் திரும்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை, அக்காவின் காதுத் தோட்டைப் பார்த்தாள். அந்தத் தோட்டிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "சம்மதமா?" என்றாள்.

"ம்" என்றாள் அக்கா.

"முழு வார்த்தை" என்றது ஒலிபெருக்கி.

"சம்மதம்."

நான் குதித்த குதியில் கண்ணாடி அறை ஆடியது. பேசிவிட்டார்கள்! இரண்டு வருஷத்துக்கு அப்புறம் ஒரு கடல்குதிரையின் பிரசவம் பற்றிப் பேசிவிட்டார்கள்!

அதன்பிறகு நடந்ததை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். முதல் இரண்டு கேள்விகளுக்குத் தோட்டிடமே கேட்டார்கள். மூன்றாவதில் மூக்குவரை வந்தார்கள். தேனீ தன் கூட்டாளிகளுக்குப் பூ இருக்கும் இடத்தை எப்படிச் சொல்லும் என்று கேட்டதற்கு அக்கா, "டான்ஸ் ஆடி!" என்று கத்திக்கொண்டே இடுப்பை ஒரு வெட்டு வெட்டிக் காட்ட, என் மனைவி அவளைக் கேட்கவே விடாமல், "சம்மதம் சம்மதம்!" என்றாள். மிக வெப்பமான கிரகம் எது என்றதற்கு மனைவி, "வெள்ளி, சம்மதமா?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். "புதன்னு சொல்லி மாட்டிக்குவியோன்னு பயந்தேன், சம்மதம்!" என்றாள் அக்கா. அது நேராக, முகத்தைப் பார்த்து, தேவைக்கு அதிகமாகச் சொன்ன முதல் வாக்கியம். சொன்ன பிறகு இரண்டு பேரும் திடுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஆனால் கை தானாக நீண்டு, கையோடு கை தட்டிவிட்டது. பழைய சோபா தட்டல். பல் டாக்டர் வீட்டுப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு முறைத்துப் பார்த்தார்கள்.

கடைசியில் இரண்டு அணியும் சமமாக வந்து நின்றன. ஒரே ஒரு கேள்வி. ஜெயித்தால் வாசலில் ரிப்பன் கட்டி நிற்கிற கார். எங்கள் அணியில் அக்காவின் முறை. அவள் பதில் சொல்ல வேண்டும், என் மனைவி சம்மதிக்க வேண்டும். பதில் தப்பென்று பட்டால், "சம்மதமில்லை" என்று சொல்லலாம். சொன்னால் ஊளைச்சத்தம் போல ஒரு மணி அடிக்கும், தப்பாகச் சொன்னவர் முகத்தில் சிவப்பு விளக்கு விழும், அரங்கமே, "ஓ" என்று கத்தும். பிறகு சம்மதிக்காதவர் சரியான பதிலைச் சொல்லலாம். முன்பு ஒருதரம் பல் டாக்டருக்கு அப்படி ஆனபோது மனிதர் காதுவரை சிவந்துபோனார்.

தொகுப்பாளர் அட்டையைப் பார்த்துப் படித்தார். "நம்ம கண்ணுக்குள்ள வர்ற வெளிச்சத்தை ரொம்ப அதிகமா வளைச்சு, பிம்பம் சரியா விழ வைக்கிறது எது? கார்னியாங்கற முன்பக்கத்துத் தெளிவான படலமா, உள்ள இருக்கற லென்ஸா, விழித்திரையா, கண்பாப்பாவா?"

எனக்குச் சந்தோஷத்தில் மூச்சே நின்றுவிடும் போல இருந்தது. என் மனைவி கடையில் பிளாஸ்டிக் கண் ஒன்று வைத்திருக்கிறாள். வருகிற வாடிக்கையாளர் ஒருத்தரையும் விடாமல் அதைப் பிரித்துக் காட்டி, "எல்லாரும் லென்ஸுன்னு நினைக்கறாங்க, முக்கால்வாசி வேலை பார்க்கறது இந்தக் கார்னியாதான்" என்று சொல்வாள். எனக்கே மனப்பாடம். கார் எங்களுக்குத்தான்!

அக்கா நிமிர்ந்தாள். அவள் முகம் ஜொலித்தது. வெளிச்சத்தால் அல்ல. இத்தனை நாள் கழித்து அவள் மறுபடி எல்லாம் தெரிந்தவளாக இருந்தாள்.

"லென்ஸ்!" என்றாள்.

திரும்பி, என் மனைவியின் கண்ணை நேராகப் பார்த்து, சிரித்துக்கொண்டே, "சம்மதமா?" என்றாள்.

நான் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தேன். "கார்னியா! கார்னியா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கே காது வலித்தது, வெளியே ஒருத்தருக்கும் கேட்கவில்லை. என் மனைவி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பார்வை பார்வையாளர்கள் பக்கம் போனது, கேமராக்கள் பக்கம் போனது, தலைக்கு மேல் தொங்கிய அந்தச் சிவப்பு விளக்குக்குப் போனது. என் கை தானாகக் கீழே இறங்கியது. அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"சம்மதம், அண்ணி" என்றாள்.

தப்பு என்று மணி அடித்தது. பல் டாக்டர் அணிக்கு வாய்ப்புப் போனது, இரட்டைப் பெண்கள், "கார்னியா" என்று பாடினார்கள். மேலேயிருந்து வண்ணக் காகிதமாகக் கொட்டியது, அவர்கள் மேல்.

தொகுப்பாளருக்கு அதோடு விட மனம் இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் எங்களால் பட்ட பாட்டுக்குக் கணக்குத் தீர்த்துக்கொள்ள நினைத்தார் போலிருக்கிறது. "கண் டெஸ்ட் பண்ற அம்மாவுக்கே கண்ணைப் பத்தித் தெரியலையே! இவங்க கடையில கண்ணாடி போட்டவங்க எல்லாம் ஒருதரம் வேற இடத்துல காட்டிக்கங்கப்பா!" என்றார். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. என் மனைவியும் கூடவே சிரித்துக்கொண்டு நின்றாள், முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏய்" என்றாள். "உனக்குத் தெரியும்ல?"

என் மனைவி தரையைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். கார்னியான்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் அண்ணி."

"அப்புறம் ஏன்டி சம்மதம்னு சொன்ன?"

"இத்தனை பேர் முன்னாடி இன்னொரு தடவை உங்களைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அக்காவின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "அதுக்குன்னு காரை விட்டுக்குடுப்பியா, மக்கு!" என்று அரங்கமே அதிரக் கத்தினாள்.

"கத்தாதீங்க! நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பக்கத்துலயே கண்ணு டெஸ்ட் பண்றவ நிக்கறேன்!"

"எனக்குத் தெரியும்னு நெனச்சேன்!"

"எப்பவும் அப்படித்தான் நெனைப்பீங்க!"

"தப்புன்னா தப்புன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"சொன்னா ரெண்டு வருஷம் பேசமாட்டீங்க!"

ஒலிவாங்கிகள் எல்லாம் திறந்தே இருந்தன. அத்தனையும் பதிவாகிக்கொண்டிருந்தது. தொகுப்பாளர் நடுவில் புகப் பார்த்தார். "நீங்க சும்மா இருங்க சார்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அக்கா அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். பார்வையாளர்கள் பக்கம் திரும்பி, புகார்ப் பிரிவுக் குரலில், "இவளைப் பார்த்து யாரும் சிரிக்காதீங்க. கண்ணைப் பத்தி இவளுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. எனக்கு அசிங்கமாகக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டா. தப்பா சொன்னது நான். அலுவலகத்துல பார்க்கறவங்க பார்த்துக்கங்க, நான்தான். உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றாள். மைக்கை அவர் கையிலேயே திணித்தாள். பின்வரிசையில் கைதட்டத் தொடங்கினார்கள். முன்வரிசைக்கு வந்தது. பல் டாக்டரும் தட்டினார். நான் கண்ணாடி அறைக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தேன், யாருக்கும் கேட்கவில்லை.

அவர்களுக்கும் கேட்கவில்லை. சண்டை தொடர்ந்துகொண்டிருந்தது. ஒயர்களைத் தாண்டி நடக்கும்போது சண்டை. மேக்கப் அறைக்குள் போயும் சண்டை. ஆறுதல் பரிசாகக் கிடைத்த பிளாஸ்கையும் மூன்று பேருடைய பைகளையும் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். இரண்டு பேரும் ஒரே கண்ணாடி முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே டப்பாவிலிருந்து பஞ்சை எடுத்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். இரண்டு வருஷத்துப் பாக்கி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வீணாய்ப்போன கம்பளம் வந்தது. உப்பு டப்பா வந்தது. தரையை மிதித்தது வந்தது. "நீங்க மிதிக்கறது எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீங்களா?" "கேக்கணும்னுதான் மிதிச்சேன்!" அக்காவுக்குக் கை இருக்கிறது என்று அவள் சொன்னதை நான் விழுங்கியதுகூட வெளியே வந்து, இரண்டு பேரும் திரும்பி என்னை முறைத்தார்கள்.

"சரி, அதை விடுங்க" என்றாள் என் மனைவி. பஞ்சு பிடித்த கை நின்றுவிட்டது. குரலும் இறங்கிவிட்டது. "ஊரை விட்டுப் போறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு உங்களுக்குத் தோணல, இல்ல? அதையும் இவர் வந்து சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணும்."

அக்கா கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை விட்டுவிட்டு நேராகத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"இப்ப சொல்றேன். உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். நான் போகல."

"நிஜமாவா அண்ணி?"

"மூஞ்சியை ஒழுங்கா துடை. பாதி மூஞ்சி இன்னும் டிவியிலயே இருக்கு."

என் மனைவி முகத்தைத் துடைக்கவில்லை, அக்காவின் தோளில் அதைப் புதைத்துக்கொண்டாள். அக்காவின் புடவையெல்லாம் பவுடர். நான் பிளாஸ்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். அக்கா போகப்போவதில்லை என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. யாரிடமாவது போய்ச் சொல்லு என்றும் யாரும் சொல்லவில்லை.